லாலாங் மண்டோர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு ஏற்ற ஆள் நான் இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். நாலு பேர் கூடினால் பின்வரிசையைத் தேடிப் போகிறவள். ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பழைய ஆள் யாராவது நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று, மண்டோர்களுக்கு மேலே இருக்கும் கண்டக்டர் நினைத்திருக்கிறார். அவர் முதலில் கேட்டது தனம் அக்காவை. "எனக்குப் பேசத்தான் வரும் கண்டக்டர், எழுத வராது. கலாவக் கேளுங்க. அவதான் எதையும் யோசிச்சு யோசிச்சுச் செய்வா" என்று அவர் சொன்னாராம். அது பாராட்டா குத்தலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எப்படியோ, அவர் வேண்டாம் என்று தள்ளியது என் கைக்கு வந்து சேர்ந்தது. இப்படி வருவது இது முதல் தடவை அல்ல.

தனம் அக்கா என்னைவிட ஒரு வயது இளையவர். ஆனால் என் கணவரின் அண்ணனைக் கட்டியவர். அதனால் நான்தான் அவரை அக்கா என்று கூப்பிட வேண்டும். அவர் என்னைக் கலா என்பார். எழுதும்போது மரியாதையாக 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். மனத்துக்குள் எப்படி என்று யாரும் கேட்க வேண்டாம்.

பால் வெட்டும் உளியை எப்படிப் பிடிப்பது, பட்டையில் போடும் கோட்டின் சாய்வை எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது ஒரு சொல்லைப் பற்றி. மண்டோராக இருப்பவரை ஆட்கள் பல பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கறார், கஞ்சன், மேனேஜர் துவானின் வால். எனக்குக் கிடைத்த பேர் லாலாங்.

லாலாங் புல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மருந்து அடித்தாலும் அடுத்த மழைக்கு எழுந்து நிற்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் சாயும், திரும்பினால் இந்தப் பக்கம் சாயும். ஒரு நிலையில் நிற்காத ஆளை மலாய்க்காரர்கள் 'மாச்சாம் லாலாங்' என்பார்கள், லாலாங் மாதிரி என்று. அது நம் ஆட்களின் வாய்க்கும் வந்துவிட்டது. கோயில் கூட்டத்தில் காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் இன்னொரு கட்சிக்கும் கை தூக்குகிறவர் லாலாங். அம்மா சொன்னால் ஒன்றும் பெண்டாட்டி சொன்னால் ஒன்றும் செய்கிற புருஷன் லாலாங். பசாரில் மீனைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து, கடைசியில் கோழி வாங்கிப் போகிறவளும் லாலாங்தான்.

ஆனால் கவனித்துப் பாருங்கள். ஒரு துவானை யாராவது அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. துவான் மாற்றிச் சொன்னால் அதற்குப் பேர் புது ஆர்டர்.

எனக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். பல வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவளைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு மண்டோராகப் போட்டார்கள். தனம் அக்கா அதற்கு முன்பே மேல்பிரிவின் மண்டோர். நம் வேலை உங்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன் பெரட்டில் நின்று ஆட்களின் பேரைக் கூப்பிட வேண்டும், யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். இரவில் மழை பெய்திருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. மரத்தின் வெட்டுப்பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, இன்றைக்கு வெட்டலாமா, பொறுக்க வேண்டுமா, வேலையே இல்லையா என்று சொல்ல வேண்டும். ஈரத்தில் வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டை முழுக்கப் பரவிப் போகும். காயட்டும் என்று ரொம்ப நேரம் நின்றுவிட்டால் வெயில் ஏறி மரம் பால் சுருக்கிக்கொள்ளும். மூன்றில் ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் நமக்கு இந்த வேலை.

அன்றைக்கு ஒரு மரத்தைத் தொட்டேன். ஈரம். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். ஆட்கள் மோட்டர் சைக்கிளில் சாய்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். அடுத்த மரத்தைத் தொட்டேன், காய்ந்த மாதிரி இருந்தது. "சரி, வெட்டலாம்" என்றேன். பாதிப் பேர் மோட்டரை முடுக்கிவிட்டார்கள். மனம் கேட்கவில்லை, மூன்றாவது மரத்தைத் தொட்டேன். கோட்டுக்குக் கீழே சொதசொதவென்று இருந்தது. "வேணாம், வேணாம், நில்லுங்க!"

முனியாண்டி என்று ஒருவர் இருந்தார். கையிலும் வேகம், வாயிலும் வேகம். அவர் மோட்டரை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"எக்கா, இன்னும் ரெண்டு மரம் பாக்கி இருக்கு. அதுங்ககிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருங்க லா. நாங்க இங்கயே படுத்துக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி நின்றேன். அவர் விடவில்லை.

"காத்து எந்தப் பக்கம்னு தெரியணுமா? மேல பாக்க வேணாம் டா, கலாக்காவப் பாரு. நம்ம டிவிஷன் லாலாங்கு."

மதியத்துக்குள் அந்தப் பேர் பால் ஸ்டோருக்குப் போய்விட்டது. சாயங்காலம், தோட்டத்து லோரி ஓட்டும் என் கணவரே சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார்.

"என்னா லா, புதுப் பேர் கெடச்சிருக்காம்?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"லோரியில ஏறுற எல்லாருந்தான் சொல்றாங்க. அண்ணியப் பாரு கலா. ஒரே வார்த்த. வெட்டுன்னா வெட்டு, இல்லன்னா இல்ல. அவங்ககிட்டதான் கொஞ்சம் கத்துக்கயேன்."

ஒரு பெண்ணுக்கு அவள் கணவன் சொல்லக்கூடாத வார்த்தைகள் சில உண்டு. 'அண்ணியப் பாரு' என்பது அதில் ஒன்று.

பார்க்காமல் இருக்க முடியாது என்பதுதான் என் கஷ்டம். அவரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தனம் அக்காவுக்கு நல்ல உயரம், உரத்த குரல். நிரையின் இந்தக் கடைசியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கடைசியில் கேட்கும். பங்களாதேஷ் ஆட்களும் அவரை அக்கா என்று தமிழிலேயே கூப்பிட்டார்கள். என்னை மண்டோர் என்றார்கள். லுக்குட் டவுனுக்குச் சாமான் வாங்கப் போனால் கடைக்காரர் எனக்குப் பின்னால் நிற்கும் அவரைப் பார்த்துத்தான், "வாங்க மண்டோரம்மா" என்பார். அப்போது நானும்தான் மண்டோர்.

இதைவிட எனக்கு ஆறாத ஒன்று உண்டு. ஒரு நாள் அவர் மரத்தைத் தொட்டுவிட்டு, "இன்னிக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போங்க" என்றார். அன்று எங்கள் பிரிவில் நான் வழக்கம்போல இப்படியும் அப்படியும் சொல்லிக் கடைசியில் வெட்டச் சொன்னேன். பளீரென்று வெயில் வந்தது. என் ஆட்களுக்கு நல்ல பால். அவர் ஆட்களுக்கு ஒரு நாள் போச்சு. நான் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் மேல்பிரிவு லயத்து வீடுகள் பக்கம் எதற்கோ போவது போலப் போனேன். அங்கே அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

"தனம் அக்கா சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும் லா" என்றாள் ஒருத்தி. "இருந்து பாரு, பொழுது சாயுறதுக்குள்ள பேயும்."

பொழுது சாய்ந்தது. பெய்யவில்லை. மறுநாள் அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. நான் மட்டும் வைத்திருந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒருத்தர் எனக்கு ஆறுதல் சொன்னார். லாலாங் மேலேதான் சாயும், வேரைப் பிடுங்கிப் பார், வராது என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் புல்லாக இருப்பதில் என்ன பெருமை இருக்கிறது? நான் மரமாக இருக்க வேண்டும். தனம் அக்கா மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் கீழ்ப்பிரிவை வீடு கட்டுவதற்கு விற்றுவிட்டார்கள். பாரோய், அம்பாங்கான் பக்கமெல்லாம் எப்படி வீடாகிப் போனதோ அப்படியே இங்கேயும் வந்தது. கீழ்ப்பிரிவு ஆட்களை மேல்பிரிவோடு சேர்த்துவிடுவது என்று முடிவு. இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டால் ஒரு மண்டோர் போதும். மற்றவர் மறுபடி உளியைப் பிடிக்க வேண்டியதுதான். மாதக் கடைசிக்குள் துவான் முடிவு சொல்வார் என்று கண்டக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

தனம் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "யாரு வந்தா என்னா கலா, வீட்டுக்குள்ளதான இருக்கப் போவுது" என்றார்.

அவர் அப்படிச் சொல்லலாம். தோற்றால் யாரிடம் வேலை செய்ய வேண்டும் என்பதை அவர் யோசித்திருக்க மாட்டார். நான் யோசித்தேன். மரம் வெட்டுவது எனக்குக் கேவலம் இல்லை, என் கை அதில்தான் பழகியது. ஆனால் அவருக்குக் கீழே! காலையில் பெரட்டில் அவர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டில் அவர், சாமி கும்பிடும்போது முதலில் சூடம் ஏற்றுவதும் அவர். ஒரு மனுஷி எங்கேயாவது ஒரு இடத்தில் முன்னால் நிற்க வேண்டாமா? எனக்கு அந்த மண்டோர் வேலை ஒன்றுதான் இருந்தது.

அந்த மாதம் இரண்டு கூட்டமும் ஒரே ரப்பர் காட்டில் வெட்டின. நடுவில் செம்மண் பாதை. அந்தப் பக்கம் அவர் ஆட்கள், இந்தப் பக்கம் என் ஆட்கள். கண்டக்டர் பாதையில் மோட்டரில் போய் வருவார். எப்போதாவது துவானின் காடி வந்து நிற்கும்.

நான் மனத்தில் ஒரு முடிவு எடுத்திருந்தேன். இனிமேல் ஒரு வார்த்தைதான். சொன்னால் சொன்னதுதான். லாலாங் என்ற பேர் எந்த வாயால் வந்ததோ அந்த வாயாலேயே போக வேண்டும்.

அன்றைக்கு விடியலில் பட்டை லேசான ஈரம். அந்தப் பக்கத்திலிருந்து தனம் அக்காவின் குரல், "வெட்டலாம்" என்று கேட்டது. நானும் ஒரே ஒரு மரத்தைத் தொட்டுவிட்டு, "வெட்டலாம்" என்றேன். முனியாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எக்கா, ஒரே மரந்தானா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வெட்டுங்க. வழக்கமான நேரத்துக்குத்தான் பால் எடுக்கணும். அதுக்கு முன்னால யாரும் பால் மங்கத் தொடக்கூடாது. சொல்லிட்டேன்."

"ஆத்தாடி" என்றார் அவர். ஆனால் போனார்.

வெட்டி முடித்தாகிவிட்டது, மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் உட்கார்ந்து பசியாறினார்கள். அப்போது போர்ட்டிக்சன் பக்கம், கடலுக்கு மேலே, வானம் கறுத்தது. உங்களுக்கு இந்த நேரம் வரும், ஒரு தடவை அல்ல, பல தடவை வரும். மழை பிடித்துக்கொண்டால் மங்கில் இருக்கும் பாலெல்லாம் தண்ணீரோடு வழிந்து தரையில் வெள்ளையாக ஓடும். அன்றைய பாடு போச்சு. அதற்குப் பயந்து முன்னதாகவே எடுத்துவிட்டால், மரம் இன்னும் சொட்டுகிற பால் நமக்கு இல்லை. அது மறுநாள் கட்டியாக நிற்கும், அதற்கு மதிப்புக் குறைவு. எடுத்தால் கொஞ்சம் நஷ்டம் நிச்சயம். எடுக்காவிட்டால் முழு நஷ்டம் வரலாம், வராமலும் போகலாம். 'பால் எடு' என்று ஒரு தடவை கத்திவிட்டால் ஆட்கள் வாளியோடு ஓடுவார்கள். காலியான மங்கில் பாலைத் திருப்பி ஊற்ற முடியாது.

முனியாண்டி கைப்பேசியைப் பார்த்தார். "போன்ல வெயிலுன்னு போட்டுருக்கு. மேல பாத்தா வேற மாதிரி இருக்கு."

வழக்கமான நாளாக இருந்தால் நான் இதற்குள் மூன்று தடவை மாற்றிச் சொல்லியிருப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை. குளிர்ந்த காற்று ஒன்று வந்து இலையைப் புரட்டியது. ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

அப்போது பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"பால் எடு! எல்லாரும் எடு!"

தனம் அக்கா. ஒரே வார்த்தை தனம் அக்கா. அவரும் காலையில் வழக்கமான நேரத்துக்குத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார், என் காதால் கேட்டேன். வாளிச் சத்தமும் ஓடும் சத்தமும் கேட்டன.

"எக்கா, அங்க எடுக்குறாங்க" என்றார் முனியாண்டி. அந்தத் தடவை கேலி இல்லை.

"அவங்க எடுக்கட்டும்."

"மழ வந்துரும் போலருக்கே லா."

"நான் சொன்னது சொன்னதுதான். ஒக்காருங்க."

நான் அப்போது வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். கறுப்பு எந்தப் பக்கம் நகர்கிறது, காற்று திரும்புகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது பாதைக்கு அந்தப் பக்கம். இப்போது நான் எடுக்கச் சொன்னால், தனம் அக்கா அடித்த காற்றுக்கு லாலாங் சாய்ந்தது என்றுதானே சொல்வார்கள்? என் மனத்தில் அது ஒன்றுதான் இருந்தது. ஒருவேளை அவர் எடுக்காமல் இருந்திருந்தால் நான் எடுத்திருப்பேனோ என்னவோ.

நாலைந்து பெரிய துளி விழுந்தது. ஒருத்தி "ஐயோ" என்றாள். அவ்வளவுதான். காற்று திரும்பியது. கறுப்பு லிங்கி பக்கமாக ஒதுங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு நடுவே வெயில் வந்தது.

மழை வரவில்லை.

என் ஆட்களின் மங்குகள் நிறைந்தன. அந்தப் பக்கம், எடுத்த பிறகும் மரங்கள் சும்மா சொட்டிக்கொண்டிருந்தன. பால் ஸ்டோரில் நிறுத்துப் பார்த்தபோது எங்கள் பால்தான் அதிகம், நன்றாகவே அதிகம். முனியாண்டி வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

"இன்னிக்கு லாலாங்கு நிமிந்து நின்னுருச்சு டா!"

எல்லோரும் கைதட்டினார்கள். என் முகம் சுட்டது. வாழ்க்கையில் எனக்குக் கைதட்டியது அந்த ஒரு நாள்தான். தனம் அக்கா மோட்டரை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். அவர் முகம் சுண்டியிருக்கும், அதைப் பார்க்க வேண்டும் என்று நான் தலையைத் தூக்கினேன்.

"நல்லாத் தாங்கிட்ட கலா" என்றார். "நான் பயந்துட்டேன்."

அவ்வளவு பேர் முன்னால், சத்தமாக. 'பயந்துட்டேன்' என்று சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் வாய் வந்ததில்லை. பயந்ததெல்லாம் நான், சொல்ல முடிந்தது அவரால். அந்தச் சந்தோஷத்திலும் எனக்கு எரிந்தது.

மாதக் கடைசியில் துவான் எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கண்டக்டரும் இருந்தார். துவான் மலாயில் பேசினார், தமிழில் எழுதுகிறேன். முதலில் அந்த நாளைப் பற்றித்தான் கேட்டார்.

"தனம், அன்றைக்கு ஏன் முன்னதாகவே எடுத்தீர்கள்? பால் குறைந்துவிட்டதே."

"காலையில இருந்த வானம் வேற துவான். அப்புறம் மாறிடுச்சு. நானும் மாத்திட்டேன்."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். அந்தப் பதிலைத் தேட எனக்கு ஒரு வாரம் வேண்டும். வானம் மாறியது, நானும் மாற்றினேன். துவான் தலையாட்டினார். நான் மாற்றினால் லாலாங். அவர் மாற்றினால் தலையாட்டு.

"கலா, நீங்கள் ஏன் எடுக்கவில்லை? மழை வராது என்று எப்படித் தெரிந்தது?"

காற்றைப் பார்த்தேன், மேகம் ஒதுங்குவது தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எனக்குச் சட்டென்று பொய்யும் வராது.

"ஒரு தடவ சொன்னத மாத்தக் கூடாதுன்னு நெனச்சேன் துவான்."

"மழை பெய்திருந்தால்?"

கண்டக்டர் தரையைப் பார்த்தார்.

"அன்றைக்கு உங்களுக்கு லாபம், அவருக்கு நஷ்டம்" என்றார் துவான். "ஆனால் அவர் எதைப் பார்த்து முடிவு செய்தார் என்று எனக்குத் தெரிகிறது. நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை."

எனக்குத் தெரியும். நான் பார்த்தது என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது, நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு. அதை எப்படிச் சொல்வது?

வேலை தனம் அக்காவுக்கு. துவான் அதை மரியாதையாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் தனம் அக்கா என் கையைப் பிடித்தார். நான் இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டால் அதையும் பேசுவார்கள்.

என் ஆட்களுக்குக் கோபம். "துவானுக்குக் கண்ணு இல்லையா லா? பால் யாருக்கு அதிகம்?" என்று முனியாண்டி சத்தம் போட்டார். ஆனால் கொஞ்ச நாளில் பேச்சு மாறியது. தனம் அக்காவுக்கு நேக்குப்போக்குத் தெரியும், சமயம் பார்த்து மாற்றிக்கொள்வார் என்றார்கள். எனக்கு வேறு பேர் வைத்தார்கள், பிடிவாதக்காரி என்று. ஒரே ஒரு நாள் நிமிர்ந்து நின்றதற்கு. முனியாண்டியே ஒரு தடவை சொன்னார், "எக்கா, நீங்க முன்ன மாதிரியே இருந்துருக்கலாம். அஞ்சு தடவ மாத்துனாலும் கடைசில சரியாத்தான் சொல்லுவீங்க." இதை அவர் அப்போதே சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு யாரும் என்னை லாலாங் என்று சொன்னதில்லை. மரம் வெட்டுகிறவளுக்கு மாற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? முடிவு சொல்கிற இடத்தில் நிற்கிறவருக்குத்தான் அந்தப் பேர் ஒட்டும். அதுகூட எனக்கு ஒரு இழப்பாகத்தான் இருந்தது, சிரிக்காதீர்கள்.

இவ்வளவு காலம் அதையே யோசித்துக்கொண்டிருந்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். நீங்களும் மாற்றிச் சொல்வீர்கள். சொல்லத்தான் வேண்டும், வானம் யார் சொல்லையும் கேட்பதில்லை. மாற்றிச் சொல்வதால் ஒருவர் லாலாங் ஆவதில்லை. நான் பெரட்டில் மாற்றி மாற்றிச் சொன்னபோது மரத்தைத் தொட்டேன்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் திரும்பி ஆட்களின் முகத்தைப் பார்த்தேன். யார் உதட்டைச் சுழிக்கிறார்கள், யார் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று. கை மரத்தில் இருந்தது, முடிவு முகத்தில் இருந்து வந்தது. அப்புறம் அந்த ஒரு நாள் அசையாமல் நின்றேன் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அன்றும் நான் ஒரு முகத்துக்குத்தான் நின்றேன். அவர் இந்தப் பக்கம் போனால் நான் அந்தப் பக்கம். அதுவும் சாய்வதுதான்.

ஆகவே வானம் கறுக்கும்போது பக்கத்துக் காட்டு மண்டோர் என்ன செய்கிறார் என்று பார்க்காதீர்கள். அவரைப் பிடித்திருந்தாலும் பார்க்காதீர்கள், பிடிக்காவிட்டால் கட்டாயம் பார்க்காதீர்கள். பொறாமைப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது என்னால் முடியாத காரியம், உங்களிடம் எப்படிக் கேட்பது? தனம் அக்கா இப்போது பாரோயில் மூலை வீட்டில் இருக்கிறார், பக்கத்தில் காலி இடம், முருங்கை போட்டிருக்கிறார். நான் அம்பாங்கானில் மகள் வீட்டில், நடு வீடு. அவர் முருங்கைக்காய் கொடுத்து அனுப்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. சாம்பார் வைத்துச் சாப்பிடவும் செய்கிறேன். வீட்டில் பொறாமைப்படுங்கள், கல்யாணத்தில் பொறாமைப்படுங்கள். பால் எடுக்கலாமா என்று ஆட்கள் உங்களைக் கேட்கிற அந்த நிமிடத்தில் மட்டும் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மேலே பாருங்கள்.

துவான் முடிவு சொன்ன அன்று சாயங்காலம் என் கணவர் அண்ணியைப் பற்றிப் பேசவில்லை. என் உளியை எடுத்து, கல்லில் தேய்த்துத் தீட்டி, வாசல் பக்கம் வைத்தார்.

மறுநாள் பெரட்டில் தனம் அக்கா பேர் கூப்பிட்டார். என் பேர் வந்தபோது, "இருக்கேன் அக்கா" என்றேன். மேட்டு நிரை எனக்கு வந்தது. பட்டை காய்ந்திருந்தது. வெட்டினோம்.